இனிப்புக்குள் ஒளிந்திருக்கும் சரக்கு

சாப்பாடு முடிந்ததும் ஐஸ்கிரீமுக்குப் பதிலாக, சாக்லேட், காபி, கிரீம் இவற்றோடு கொஞ்சம் மதுவும் கலந்து ஒரு சின்னக் கோப்பையில் கொடுப்பது மேற்கத்திய விருந்துகளில் வெகுகாலமாக இருக்கும் பழக்கம். வொயிட் ரஷ்யன், பிராந்தி அலெக்சாண்டர், மட்ஸ்லைட், எஸ்பிரஸ்ஸோ மார்ட்டினி என்று இந்தக் குடும்பத்தில் நிறைய உறுப்பினர்கள். பொதுப்பெயர் 'டெசர்ட் காக்டெயில்'. பார்களில் மட்டும் கிடைத்த இவற்றை இப்போது வீட்டிலேயே கலக்கிறார்கள். பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. மூடியுள்ள ஒரு பாட்டில், ஐஸ்கட்டி, நல்ல கிரீம் இருந்தால் போதும்.

இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விஸ்கியை அப்படியே குடிப்பவர்களுக்கு இந்த வகைப் பானங்கள் என்றாலே ஓர் இளக்காரம். "இதெல்லாம் மில்க் ஷேக்", "பெண்கள் குடிக்கிறது" என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த இளக்காரத்தில் பெண்களைப் பற்றிய மட்டமான எண்ணம் இருப்பது ஒருபக்கம். இன்னொரு பக்கம், கணக்கே தப்பு. இந்தப் பானங்கள் லேசானவை அல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

பன்னாட்டு பார்டெண்டர் சங்கம் வெளியிட்டிருக்கும் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். வோட்காவும் கொன்யாக்கும் 40 சதவீதம். காபி மதுவான கலுவா பல நாடுகளில் இப்போது 16 சதவீதம். கொக்கோ மதுவை 24 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

- வொயிட் ரஷ்யன்: வோட்கா 50 மி.லி., காபி மது 20 மி.லி., கிரீம் 30 மி.லி. இதில் சுத்த ஆல்கஹால் சுமார் 23 மி.லி.
- எஸ்பிரஸ்ஸோ மார்ட்டினி: வோட்கா 50 மி.லி., காபி மது 30 மி.லி., ஒரு எஸ்பிரஸ்ஸோ, சர்க்கரைப் பாகு. சுத்த ஆல்கஹால் சுமார் 25 மி.லி.
- அலெக்சாண்டர்: கொன்யாக், கொக்கோ மது, கிரீம் மூன்றும் தலா 30 மி.லி. சுத்த ஆல்கஹால் சுமார் 19 மி.லி.

5 சதவீத பீர் 330 மி.லி. பாட்டிலில் இருப்பது பதினாறரை மி.லி. அதாவது 'மில்க் ஷேக்' என்று கேலி செய்யப்படும் ஒரு வொயிட் ரஷ்யன் கிட்டத்தட்ட ஒன்றரை பீருக்குச் சமம். ஒரு லார்ஜ் பெக் விஸ்கிக்கும் அதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு. விஸ்கி தொண்டையில் இறங்கும்போதே எரிச்சலைக் கொடுத்து "நிதானம்" என்கிறது. கிரீமும் சர்க்கரையும் அந்த எரிச்சலை மூடிவிடுகின்றன.

இதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1974 மார்ச்சில், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ட்ரூபடோர் அரங்கில் நகைச்சுவை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது கூச்சல் போட்டதற்காக பீட்டில்ஸ் புகழ் ஜான் லெனனும் பாடகர் ஹாரி நில்சனும் வெளியேற்றப்பட்டார்கள். அன்று லெனன் குடித்தது பிராந்தி அலெக்சாண்டர். மது அவருக்குப் புதிதல்ல. அப்படிப்பட்டவரையே பாலும் பிராந்தியும் கலந்த ஒரு பானம் கவிழ்த்துவிட்டது.

"கிரீம் இருந்தால் ஏறாது" என்பது பாதி உண்மை

வயிற்றில் கொழுப்பு இருந்தால் ஆல்கஹால் ரத்தத்தில் கலப்பது தாமதமாகும் என்பது சரிதான். ஆனால் தாமதமாகுமே தவிர காணாமல் போகாது. "இன்னும் ஒன்றுமே தெரியவில்லையே" என்று இரண்டாவது கோப்பையை எடுக்க வைப்பதும் அந்தத் தாமதம்தான்.

காபி விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் அதிகம். காபி குடித்தால் போதை தெளியும் என்று உலகம் முழுவதும் ஒரு நம்பிக்கை. காஃபின் தூக்கத்தை விரட்டும், அவ்வளவுதான். ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலை ஒரு துளிகூடக் குறைக்காது. போதை இருக்கும், ஆனால் இருப்பது தெரியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 நவம்பரில், காஃபின் சேர்த்த மதுபானங்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு எஸ்பிரஸ்ஸோவில் இருக்கும் காஃபின் அந்தப் பானங்களின் அளவுக்கு வராதுதான். ஆனாலும் "நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்" என்று வண்டிச் சாவியை எடுப்பவருக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

ஆரம்பமே வீட்டுச் சமையல்தான்

இதையெல்லாம் படித்துவிட்டு, வீட்டில் செய்யவே கூடாது என்கிறார்களா என்று கேட்கலாம். இல்லை. அளந்து செய்வதென்றால் பாரைவிட வீடுதான் நல்ல இடம்.

இன்று உலகம் முழுக்க விற்கும் பெய்லிஸ் ஐரிஷ் கிரீம் பிறந்த கதையே அப்படித்தான். 1973-ல் லண்டன் சோஹோ பகுதியில் டேவிட் க்ளக்மன், ஹியூ சீமோர் டேவிஸ் என்ற இருவர், அயர்லாந்திலிருந்து ஏற்றுமதி செய்ய ஒரு புதுப் பானம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுமதி லாபத்துக்கு அயர்லாந்து அரசு வரிச்சலுகை கொடுத்துக்கொண்டிருந்த காலம். அந்த நாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை விஸ்கியும் பாலும். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று பக்கத்துக் கடையில் கிரீம் வாங்கி ஜேம்சன் விஸ்கியில் கலந்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. சர்க்கரையும் கேட்பரீஸ் சாக்லேட் பவுடரும் போட்டபிறகுதான் சுவை பிடிபட்டது. 1974-ல் அது கடைக்கு வந்தது.

வீட்டில் செய்ய ஒரு சுமாரான அளவு இது. இரண்டு மேசைக்கரண்டி கொக்கோ, ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபி. இரண்டையும் 50 மி.லி. வெந்நீரில் கட்டியில்லாமல் குழைத்து நன்றாக ஆறவிட வேண்டும். குளிர்ந்த பாலில் நேராகப் போட்டால் கொக்கோ கரையாமல் மிதக்கும். பிறகு 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க், 250 மி.லி. விஸ்கி, கடைசியாக 250 மி.லி. கெட்டி கிரீம், சில துளி வெனிலா. கையால் கலக்கினால் போதும். மிக்ஸியில் அதிக நேரம் ஓட்டினால் கிரீம் திரண்டு வெண்ணெயாகும் பக்கம் போய்விடும். எலுமிச்சை, ஆரஞ்சு பக்கமே போகக் கூடாது, புளிப்பு பட்டால் திரிந்துவிடும். பச்சை முட்டை சேர்க்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அது தேவையே இல்லை, வீணாகக் கிருமி பயம்தான்.

தொழிற்சாலையில் கொழுப்பை மிக நுண்ணிய துளிகளாக உடைத்துக் கலப்பதால் பெய்லிஸ் இரண்டு வருடம் தாங்கும். வீட்டில் செய்ததை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடுவது நல்லது.

இந்தக் கலவை மொத்தம் சுமார் 860 மி.லி. வரும். வலிமை ஏறக்குறைய 12 சதவீதம். கடையில் விற்கும் பெய்லிஸ் 17 சதவீதம். 60 மி.லி. கோப்பை ஒன்றில் சுமார் 7 மி.லி. ஆல்கஹால்தான், பாதி பீருக்கும் குறைவு. ஆனால் "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று விஸ்கியை 500 மி.லி. ஆக்கினால் வலிமை 18 சதவீதத்தைத் தொடும். நாக்கு பெரிதாக எதிர்க்காது, இனிப்பு அதையும் விழுங்கிவிடும். கண்ணளவில் ஊற்றுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

கலப்பவரின் பொறுப்பு

விஷயத்தின் சாரம் இதுதான். விஸ்கி குடிப்பவர் தான் எவ்வளவு குடிக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்கிறார். டெசர்ட் காக்டெயில் குடிப்பவருக்குக் கண்ணும் நாக்கும் எதையும் சொல்வதில்லை. அந்தத் தகவல் கலந்தவர் ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால் சந்தையில் அதை நியாயமான வியாபாரம் என்று யாரும் சொல்வதில்லை. விருந்திலும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, கலப்பவர் மூன்று காரியம் செய்யலாம். முதலாவது, 30 மி.லி. அளவுக் கோப்பை இல்லாமல் பாட்டிலைத் திறக்காதிருப்பது. இரண்டாவது, கையில் கொடுக்கும்போதே "இதில் இவ்வளவு இருக்கிறது" என்று சொல்வது. மருந்து சாப்பிடுகிறவர், கர்ப்பமாக இருப்பவர், வண்டி ஓட்டப் போகிறவர், குடிக்கவே விரும்பாதவர் என யார் வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம். சொல்லாமல் கொடுப்பது உபசாரம் ஆகாது. மூன்றாவது, அதே சுவையில் மது இல்லாத ஒரு ஜாடியையும் பக்கத்தில் வைப்பது. கொக்கோ, திக்கான காபி, கண்டென்ஸ்டு மில்க், கிரீம், கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள், கடைசியில் விஸ்கிக்குப் பதில் குளிர்ந்த பால். உண்மையைச் சொன்னால் சுவையில் முக்கால் பங்கு அதிலேயே வந்துவிடுகிறது.

இப்படி அளந்து, சொல்லிக் கொடுத்தால் விருந்தின் குஷி போய்விடும் என்பார்கள். கேக் செய்பவர் மாவை கிராம் கணக்கில் அளக்கிறார், யாருடைய குஷியும் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டும் வயது வந்த ஒருவர் ஒரு சின்னக் கோப்பை குடிக்க முடிவு செய்தால் அது அவர் உரிமை. அந்த முடிவை எடுக்க அவருக்குத் தேவையான தகவல் சாக்லேட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கக் கூடாது.