அடுத்து எந்தக் கற்பனைக் கதையைப் படிப்போம்?

கதை என்றால் பிடிக்காதவர் யார்? ஏழு கடல் தாண்டி, கிளியின் உடலில் உயிரை ஒளித்து வைத்த அரக்கனின் கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பெற்றோரோ 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் வேதாளத்தின் கதைகளையும், 1972இல் பிறந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியின் சாகசங்களையும் படித்து மகிழ்ந்தவர்கள்.

ஆயினும், பத்தாம் வகுப்பில் காலடி வைத்ததும், "பொதுத்தேர்வு ஆண்டில் மாயக்கதை எதற்கு?" என்று பெரியோர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். நமக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓரிரு மணி நேரம். அந்தச் சிறு பொழுதை வீணாக்கலாமா? கூடாது. அதனால்தான் அடுத்த நூலைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறோம்.

நாம் பொதுவாக எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? அட்டைப்படத்தைப் பார்க்கிறோம், தோழி புகழ்ந்தால் வாங்குகிறோம், திரைப்படமாக வந்திருந்தால் போட்டி போடுகிறோம். இவற்றோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்ப்போமே: இந்தக் கதையில் பெண் என்ன செய்கிறாள்?

பாட்டியின் கதையில் அரசகுமாரி கோட்டையில் அழுதுகொண்டிருப்பாள். அரசகுமாரன் வந்து மீட்பான். அதைக் கேட்டு ரசித்தோம், இன்றும் ரசிப்போம். ஆனால், ஏட்டில்கூட எந்நாளும் மீட்கப்படுபவளாகவே பெண் இருந்தால், நம் மனமும் கோட்டைக்குள்ளேயே காத்திருக்கப் பழகிவிடாதா?

இதற்கு மாற்று நம் சென்னையிலேயே அச்சேறியது என்றால் வியப்பாக இருக்கும். 1901இல் கமலா சத்தியநாதன் அம்மையார் பெண்களுக்காக இங்கு ஓர் ஆங்கில இதழைத் தொடங்கினார். 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்பது அதன் பெயர். அதில் 1905இல் 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதை வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா அம்மையார். பள்ளிக்கூடம் சென்றறியாதவர், அண்ணனிடம் ஆங்கிலம் கற்றவர்.

அவர் படைத்த பெண்கள் நாட்டில் சமையலுக்குச் சூரிய வெப்பம். பயணத்திற்குப் பறக்கும் ஊர்தி. மேகத்திலிருந்து நேரே நீரை இறக்கும் பல்கலைக்கழகம்! பகைவர் படையெடுத்து வந்தபோது அவர்களை விரட்டியதும் பெண்களின் அறிவியலே. வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகளைக் காணும் நமக்கு அந்தக் கனவு எவ்வளவு தொலைநோக்கு உடையது என்பது புரியும்.

அவர் கனவோடு நின்றுவிடவில்லை. 1911இல் கொல்கத்தாவில் எட்டே மாணவியருடன் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். கதை முந்தியது, பள்ளி பின்னால் வந்தது. கற்பனை வீண் என்போர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னும் வேண்டுமா? அமெரிக்க எழுத்தாளர் மாடலீன் லெங்கிள் 1962இல் வெளியிட்ட 'எ ரிங்கிள் இன் டைம்' நாவலில், மெக் என்ற பள்ளிச் சிறுமி தன் தம்பியை மீட்க வேற்று உலகத்தில் தனியாகப் போராடுகிறாள். வாளால் அல்ல, அன்பால் வெல்கிறாள். தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் நிலா தன் கணவனைத் தேடிப் புறப்படுகிறாள். துணைக்கு வருவது ஜீனோ என்னும் இயந்திர நாய். நிலாவைவிட ஜீனோவே கெட்டிக்காரனாகத் தெரிகிறது என்பது எங்கள் வகுப்பில் சிலரின் குறை. அதுவும் பேசித் தீர்க்க வேண்டிய நல்ல வழக்குத்தானே!

ஆண்பிள்ளைகளின் சாகசக் கதைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. ஜூல்ஸ் வெர்னோடு கடலடியில் பயணம் செய்வோம். ஆனால், மூன்று நூல்களில் ஒன்றிலாவது நம்மைப் போன்ற ஒருத்தி சிந்தித்துச் செயல்படட்டும் என்கிறோம்.

அண்ணனூரில் மின்தொடர் வண்டி ஏறி, சென்ட்ரலில் இறங்கினால், எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகம் தொலைவில் இல்லை. பெற்றோரே, தேர்வு முடிந்ததும் எங்களை அங்கே ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். அருட்சகோதரியரே, நம் பள்ளி நூலகத்தில் 'சுல்தானாவின் கனவு' ஒரு பிரதி வையுங்கள். சில பக்கங்களே கொண்ட கதை; ஒரே மாலையில் படித்துவிடலாம். தோழியரே, படித்து முடித்தபின் நம் அண்ணனூரை எப்படி மாற்றலாம் என்று நாமும் ஒரு கனவு எழுதிப் பார்ப்போமா?

— பத்தாம் வகுப்பு மாணவி