மூதாட்டி நடந்தார்!

வானம் பனியைக் கொட்டித் தீர்த்துவிட்டது. சாலை இருந்த இடம் தெரியவில்லை. கால்வாய்க் கரையோரமாக நீளும் பழைய பாதையிலே, காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு, பனியின்மீது சறுக்கிச் சறுக்கிச் செல்கிறார் ஒரு மூதாட்டி. முதுகைத் தாங்க எஃகுப் பட்டை, மூட்டுகளிலே வாதம், நுரையீரலிலே நோய். வயதோ தொண்ணூறு! எங்கே செல்கிறார்? பேரனைக் காணவா? மருத்துவரிடமா? மாதாகோயிலுக்கா? இல்லை, தோழர்களே! அவர் செல்வது வாஷிங்டன் மாநகருக்கு; அமெரிக்க நாட்டுச் சட்டமியற்றும் மன்றத்தின் வாயிற்படிக்கு!

நாடகம் எழுதுபவன் நான். இத்தகைய காட்சியை நான் எழுதி மேடையேற்றியிருந்தால், "கொஞ்சம் மிகைதான்!" என்று முன்வரிசையிலேயே முணுமுணுப்பு எழுந்திருக்கும். ஆனால் இது என் கற்பனையன்று. 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மேரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்திலிருந்து தலைநகர் நோக்கி ஏறத்தாழ நூறு மைல், பனிமேல் இப்படித்தான் சென்றார் டோரிஸ் ஹேடாக் என்னும் அம்மையார். 'கிரானி டி' என்று அந்நாட்டு மக்கள் அழைத்தனர். 'டி பாட்டி' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அவர் பிறந்தது 1910 சனவரி 24இல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து லகோனியாவில். பாஸ்டன் நகரத்து எமர்சன் கல்லூரியிலே நடிப்புக்கலை பயின்றார். படிப்பு முடியுமுன் மணம் முடித்தார். மணமான மாணவிக்கு இங்கே இடமில்லை என்று வெளியேற்றியது கல்லூரி. (அதே கல்லூரி 2000ஆம் ஆண்டில் அவரை அழைத்துச் சிறப்புப் பட்டம் அளித்து மகிழ்ந்தது. கல்லூரியைப் பாதியில் விட்டவன் இதை எழுதுகிறேன். எனக்கு எவரும் பட்டம் வைத்துக்கொண்டு காத்திருப்பதாகத் தெரியவில்லை!) பின்னர் காலணி செய்யும் நிறுவனமொன்றிலே இருபதாண்டுக் காலம் பணி. 1972இல் ஓய்வு. கணவரோடு டப்ளின் என்னும் சிற்றூரில் குடியேறினார்.

ஓய்வு! நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் கொண்டிருக்கிறோம்? மாலை சூட்டி, பொன்னாடை போர்த்தி, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையிலே கொடுத்து, "இனி வீட்டில் நிம்மதியாக இருங்கள்" என்று வழியனுப்புகிறோம். நேரத்துக்கு வேலை இல்லாதவருக்கு நேரம் காட்டும் கருவி! தமிழ்நாட்டு அரசு ஊழியர்க்கு ஓய்வு வயது 58 ஆக இருந்து, 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆயிற்று. அதன்பின் இருபதாண்டு வாழ்வார் எத்தனை பேர்! சட்டம் படித்தவர், கணக்கு அறிந்தவர், அலுவலகத்துக் கோப்பு எந்த மேசையிலே உறங்கும் என்ற இரகசியம் தெரிந்தவர்! அவர்களையெல்லாம் திண்ணையிலே அமரவைத்துவிட்டு, "களப்பணிக்கு ஆளில்லை, ஆளில்லை" என்று கூட்டத்துக்குக் கூட்டம் புலம்புகிறோம்.

ஹேடாக் அம்மையார் திண்ணையில் அமரவில்லை. பொதுப்பணி அவருக்கு முன்பே பழக்கம். அலாஸ்காவிலே அணுகுண்டுகளை வெடித்துத் துறைமுகம் தோண்டலாம் என்று 1958இல் திட்டம் தீட்டினர். அருகே பாயிண்ட் ஹோப் என்னும் பழங்குடியினரின் ஊர். 1960இல் அத்திட்டத்தை எதிர்த்துப் புறப்பட்டோரில் அம்மையாரும் அவர் கணவரும் இருந்தனர். 1962இல் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வளவு பெரிய போரைக் கண்டவர், ஓய்வுக்குப்பின் ஊரின் திட்டக் குழுவிலே அமர்ந்து, எந்த நிலத்தில் எது கட்டலாம், எது கூடாது என்று பார்த்தார். சிறிய வேலைதான்; பத்திரிகையில் படம் வராத வேலை. அப்படிப்பட்ட வேலையிலே பல ஆண்டு பழகிய கால்கள்தாம் பிறகு கண்டம் கடந்தன என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நமக்கெல்லாம் கண்டம் கடக்கும் ஆசை மட்டும் முதலில் வந்துவிடுகிறது. பேரூராட்சிக் கூட்டத்திலே ஒரு மணி நேரம் அமரப் பொறுமை இல்லை!

சரி, எதற்காக நடந்தார்?

அமெரிக்க நாட்டிலே, வணிக நிறுவனங்கள் வேட்பாளருக்குப் பணம் தரலாகாது என 1907லேயே சட்டம் செய்தனர். வாட்டர்கேட் ஊழல் நாட்டை உலுக்கிய பின், 1974இல், தனிமனிதர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 1,000 டாலருக்குமேல் தரலாகாது என்றனர். கதவைச் சாத்தினர், ஆனால் பலகணி திறந்தே கிடந்தது. "வேட்பாளருக்குத்தானே தரக்கூடாது? கட்சிக்குத் தருகிறோம்! கட்சி வளர்ச்சிக்குத் தருகிறோம்!" என்றது பணம். அதற்கு அளவே இல்லை. 'மென்பணம்' என்று அழகாகப் பெயரும் இட்டனர். 1999, 2000 ஆண்டுத் தேர்தல் காலத்தில் இரு பெருங்கட்சிகளும் இவ்வகையிலே திரட்டியது ஏறத்தாழ 50 கோடி டாலர்! கொடுத்தவன் கொடைவள்ளலா? கொடுத்ததைக் கோப்பிலே திருப்பி வாங்கிக்கொள்பவன் அன்றோ!

இதைத் தடுக்க மெக்கெயின், ஃபைங்கோல்ட் என்னும் இரு செனட்டர்கள், கட்சிக்கு ஒருவராக நின்று, மசோதா கொண்டுவந்தனர். அது தோற்றது; தோற்றுக்கொண்டே இருந்தது. அம்மையார் முதலில் மனு எழுதிக் கையொப்பம் திரட்டினார். மனுவுக்கு என்ன மதிப்பு என்பது மனுப்போட்டுப் பார்த்த நமக்குத் தெரியாதா? மனு அசைக்காததைக் கால் அசைக்கட்டும் என்று கருதினார் போலும். 1999 சனவரி முதல் நாள், கலிஃபோர்னியாவின் பாசடீனாவிலே அடியெடுத்து வைத்தார். அப்போது அவர் வயது 88.

நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து மைல். உணவு யாரேனும் தந்தால் உண்பது. தங்க இடம் யாரேனும் அளித்தால் தங்குவது. பழங்கால யாத்திரிகர் முறை. மொஹாவி பாலைவனத்தைக் கடந்தார். அரிசோனாவிலே உடலில் நீர் வற்றி, சளிக்காய்ச்சலும் சேர்ந்து, மருத்துவமனையிலே படுத்தார். "போதும் பாட்டி, திரும்பிவிடுங்கள்" என்று யார் சொல்லியிருந்தாலும் அது நியாயமாகவே பட்டிருக்கும். அவர் எழுந்தார், நடந்தார். டெக்சாசின் நெடுஞ்சாலைகள், அப்பலாச்சிய மலைகள், பிறகு அந்தப் பனி. பதினான்கு மாதம், 3,200 மைல், தேய்ந்து கிழிந்தவை நான்கு இணைக் காலணிகள். காலணி நிறுவனத்திலே உழைத்தவருக்கு அதன் ஆயுள் தெரியாமலா இருந்திருக்கும்! 2000 பிப்ரவரி 29இல் தலைநகரை அடைந்தபோது, மக்கள் ஆயிரக்கணக்கில் உடன் நடந்தனர். மன்ற உறுப்பினர் சிலரும் இறுதி மைல்களிலே சேர்ந்துகொண்டனர். (நடை முடியும் இடத்திலே வந்து சேர்ந்துகொள்ளும் கலை உலகெங்கும் ஒன்றுதான்!)

ஊர்வலம் முடிந்ததும் வீடு திரும்பினாரா? ஏப்ரலில் மறுபடி வந்தார். மன்றக் கட்டடத்தின் வட்டக் கூடத்திலே நின்று, அந்நாட்டின் விடுதலைப் பிரகடனத்தை வாய்விட்டுப் படித்தார். கைது செய்தனர்! தம் நாடு பிறந்த கதையைத் தம் நாட்டு மன்றத்திலே படித்த குற்றம்! நீதிபதி விதித்தது பத்து டாலர்.

2002 மார்ச்சில் அந்த மசோதா சட்டமாயிற்று. தேசியக் கட்சிகள் மென்பணம் வாங்குவது தடுக்கப்பட்டது. ஒரு மூதாட்டியின் நடையால் மட்டுமே சட்டம் வந்தது என்று நான் சொன்னால் அது மேடைப் பேச்சு; எழுத்திலே அப்படிச் சொல்ல மாட்டேன். என்ரான் என்னும் பெருநிறுவனம் 2001 இறுதியிலே சரிந்து, அது இரு கட்சிகளுக்கும் வாரி வழங்கியது சந்தி சிரித்ததும் ஒரு காரணம். ஆயினும் நாடறிய அந்தப் பேச்சை உயிரோடு வைத்திருந்தோருள் அவர் ஒருவர்.

2004இல் வேட்பாளர் ஒருவர் கடைசி நேரத்திலே விலகிவிட, 94ஆம் வயதில் செனட் தேர்தலிலே நின்றார் அம்மையார். எதிரே ஜட் கிரெக் என்னும் செல்வாக்குமிக்க செனட்டர். தோற்றார், நூற்றுக்கு 34 வாக்குப் பெற்றுத் தோற்றார். எண்ணிப் பாருங்கள்: பெரும்பணத்தைத் தொடாமல், தொண்ணூற்று நான்கு வயதிலே, மூன்றில் ஒரு பங்கு மக்களின் வாக்கு!

கதையின் கடுமையான பகுதி இனிதான். 2010 சனவரி 21இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து தீர்ப்பளித்தது: வணிக நிறுவனங்கள் வேட்பாளரைச் சாராமல் தனித்து நின்று தேர்தலுக்காக எவ்வளவும் செலவிடலாம்; அது பேச்சுரிமை! பலகணியைச் சாத்திய வீட்டிலே கூரையைப் பிரித்துவிட்டனர். மூன்று நாள் கழித்து அம்மையாருக்கு நூறு வயது நிறைந்தது. மார்ச் 9இல் மறைந்தார்.

"அங்கே நடந்ததை இங்கே ஏன் அளக்கிறாய்?" என்பீர்கள். பணத்துக்குக் கடல் ஒரு தடையா, தோழர்களே? 2018இல் இந்நாட்டில் தேர்தல் பத்திரங்கள் வந்தன. கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காடு வரையே நன்கொடை தரலாம் என்றிருந்த வரம்பும் 2017லேயே எடுக்கப்பட்டிருந்தது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அனைத்தையும் செல்லாததாக்கினர். அன்று நாம் இனிப்பு வழங்கினோம். ஆனால் 2013இல், ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் சொன்னபோது எந்தக் கட்சி இனிப்பு வழங்கிற்று? எந்தக் கட்சி கணக்கேட்டைத் திறந்தது? 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடையாளர் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்ற விதி எவருக்குக் கசக்கிறது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகட்குமுன் ஒரு பொதுக்கூட்டம். ஆற்று மணல் கொள்ளையைப் பற்றி அன்று காலையெல்லாம் குறிப்பெடுத்து, சொல்லுக்குச் சொல் சாணை பிடித்து வைத்திருந்தேன். மேடையேறிய பின் என் கையிலே ஒரு துண்டுச் சீட்டு வந்தது. இரண்டே சொல்: "மணல் வேண்டாம்." பந்தலும் ஒலிபெருக்கியும் யார் உபயம் என்பது பிறகுதான் விளங்கிற்று. நான் என்ன செய்தேன்? வீரமாகச் சீட்டைக் கிழித்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் வேறு பேசினேன். கைதட்டல் பலமாகவே இருந்தது.

கூட்டம் முடிந்து இறங்கும்போது, எங்கள் கிளையிலே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், எழுபதைக் கடந்தவர், அருகே வந்தார். படிப்பகத்தை நாள்தோறும் காலை ஆறு மணிக்குத் திறப்பவர். ஏட்டைப் பிறருக்கு உரக்கப் படித்துக் காட்டுபவர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு நகராட்சிக்கு எழுதுபவர். "தம்பி, ஆற்றைப் பற்றி ஏதும் பேசவில்லையே?" என்று மட்டும் கேட்டார். நான் தொண்டை சரியில்லை என்றேன்.

ஹேடாக் அம்மையாரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த ஆசிரியர் முகந்தான் எதிரே நின்றது. சென்ற திங்கள் கிளைக் கூட்டத்திலே அவர் எழுந்தார். "மேலிடத்துக் கணக்கு நமக்கு எட்டாது, சரி. நம் கிளைக்கு எந்தக் கடைக்காரர், எந்த ஒப்பந்தக்காரர், எவ்வளவு தந்தார் என்று படிப்பகத்துப் பலகையிலே எழுதி வைக்கலாமே?" என்றார். சிலர் சிரித்தனர். செயலாளர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். பெரியவர் அமரவில்லை, அவை அடங்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். கடைசியில், அடுத்த கூட்டத்துக்கு இரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. மூன்று புத்தகங்கள் என் பொறுப்பில் உள்ளன. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் இரசீதே போடவில்லை என்பதை நேற்றுத்தான் பார்த்தேன். வரும் ஞாயிறு கூட்டத்திலே அதைச் சொல்லப்போகிறேன். அந்தத் துண்டுச் சீட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் எடுத்துச் செல்கிறேன்.