ஊர்க் கபடி உயிரோட இருக்கணும்னா

1/ பொங்கல் நேரத்துல காரைக்கால் பக்கம் கபடிக்கு லைட்டு, மைக் செட், சுழற்கோப்பை எதுக்கும் குறைச்சல் இல்லை. ஆனா ஆடுறது யாரு? பெரும்பாலும் ஊர் ஊரா சுத்தி வர்ற அதே சில டீம்கள்தான். நம்ம பிள்ளைங்க கயித்துக்கு வெளியே நின்னு மொபைல்ல படம் எடுக்குறாங்க.

2/ பக்கத்துக்கு 7 பேர், ஒரு களம். மட்டை, பந்து எதுவும் வேணாம். இவ்வளவு எளிமையான விளையாட்டுக்குப் பிள்ளைங்களை அனுப்ப வீட்டுல தயங்குறாங்க. "அடிபட்டா யாரு பார்க்குறது?" இந்தப் பயம் நியாயமானது.

3/ 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஆடிக்கிட்டிருந்த இளைஞர் ஒருத்தர் களத்துலேயே சரிந்து உயிரிழந்தார். துடிப்பு நின்னா 108 வர்ற வரைக்கும் நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100–120 தடவை, 5 செ.மீ. ஆழம் அழுத்தணும். ஒரு மணி நேரத்துல கத்துக்கலாம். விழா கமிட்டியில நாலு பேராவது இதைத் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

4/ எடைப்பிரிவு நல்ல ஏற்பாடு. ஒல்லியான பையனும் ஆடலாம். ஜப்பானின் தொழில்முறை சுமோவில் எடைப்பிரிவும் இல்லை, பெண்களுக்கு இடமும் இல்லை. அமெச்சூர் சுமோவில் இரண்டும் உண்டு. அதனாலதான் வெவ்வேறு நாட்டுக்காரங்க இறங்க முடியுது.

5/ ஆனா 55 கிலோவுக்குள்ள வர தண்ணி குடிக்காம, சட்டை மேல சட்டை போட்டு ஓடாதீங்க தம்பிகளா. குறையிறது கொழுப்பு இல்லை, உடம்புல இருக்கிற தண்ணி. சிறுநீரகமும் இதயமும் அடிவாங்கும். கமிட்டிக்காரங்க போட்டிக்கு ஒரு மாசம் முன்னாடியே எடை பார்த்துப் பிரிவை முடிவு பண்ணிடுங்க.

6/ பெண் பிள்ளைங்க? "வயசுக்கு வந்தாச்சு, போதும்"னு நிறுத்த மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. மாதவிடாய் நாள்லயும் உடம்புக்கு முடிஞ்சா தாராளமா ஆடலாம். வேண்டியது கழிப்பறை, உடை மாத்த ஒரு அறை, அவங்களுக்குன்னு பயிற்சி நேரம்.

7/ 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய கபடி அணிகள்ல கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தாங்க. வடுவூர் நம்ம டெல்டாதான். அங்க முடிஞ்சது இங்க முடியாதா?

8/ வர்ற பொங்கலுக்குப் பரிசுத்தொகையில கொஞ்சம் குறைங்க. அந்தப் பணத்துல களத்துக்கு மெத்துன்னு மண் போடுங்க, முதலுதவிப் பயிற்சி கொடுங்க, பெண்கள் ஆட்டம் ஒண்ணு சேருங்க. கோப்பை வெளியூர் போனாலும் பரவாயில்லை, களத்துல நம்ம பிள்ளைங்க இருக்கணும்.

உங்க ஊர் கமிட்டிக்காரங்களுக்கு இதை அனுப்புங்க.