மோட்டார் போச்சு என்ற தீர்ப்பு

கார் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டால் பட்டறையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்." கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றுவதற்கு முன்பே, சுவிட்சை இரண்டு முறை அழுத்திப் பார்த்த கையோடு இந்தத் தீர்ப்பு வந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக யாரும் மறுக்காததால், கார் வைத்திருப்பவர்களே இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் நுழைகிறார்கள். இது தவறு. தவறு என்பதோடு, நன்றாக ஓடும் ஒரு பொருளைக் கழற்றி எறிய வைத்து, உண்மையான பழுதை அப்படியே வண்டிக்குள் விட்டுவிடும் தவறு. மோட்டார் பழுதாகவே ஆகாது என்று நான் வாதிடவில்லை. ஐந்து நிமிடச் சோதனையில் தெரிந்துவிடும் ஒன்றைச் சோதிக்காமல் சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை என்கிறேன்.

"வருகிற கேஸில் பாதிக்கு மேல் மோட்டார்தான்" என்பார்கள். எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை, மாற்றியதைத்தான் எண்ணியிருக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். கண்ணாடி ஒரு முறை ஏறவோ இறங்கவோ நான்கு நொடி என்று வையுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை ஏற்றி இறக்கினாலும் எண்பது நொடிதான். ஆண்டு முழுவதற்கும் சேர்த்தால் எட்டு மணி நேரம். அடைமழைக் காலத்தில் சில நாட்களிலேயே வைப்பர் மோட்டார் இவ்வளவு நேரம் ஓடிவிடும். அதே ஆண்டில் ஓட்டுநர் கதவு, நாளைக்குப் பத்து முறை என்றாலே, 3,650 முறை திறந்து மூடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் உறைக்குள் போகும் வயர்கள் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. நான்கு கண்ணாடிகளின் வேலையையும் ஓட்டுநர் பக்கத்து மெயின் சுவிட்ச் தாங்குகிறது. எது முதலில் தேயும் என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது.

அவர்களுடைய பெரிய ஆதாரம் இதுதான்: "கரண்ட் வருது, மோட்டார் ஓடல. அப்போ மோட்டார்தானே?" கேட்க நியாயமாக இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அத்தனை மோட்டார்களும் கழற்றப்படுகின்றன என்பதால் இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாதாரண பவர் விண்டோ மோட்டாருக்கு இரண்டே வயர். ஏறும்போது ஒன்றில் 12 வோல்ட், மற்றதில் எர்த்; இறங்கும்போது இரண்டும் இடம் மாறும். அதாவது, மின்சாரம் வந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போகவும் வழி வேண்டும். பல வண்டிகளில் பின்கதவு மோட்டாருக்கு அந்தத் திரும்பும் வழி எங்கே இருக்கிறது தெரியுமா? அந்தக் கதவின் சுவிட்ச் வழியாக, வண்டியின் உடல் முழுக்கச் சுற்றி, ஓட்டுநர் கதவில் இருக்கும் மெயின் சுவிட்சுக்குள் போய்த்தான் எர்த் ஆகிறது. மெயின் சுவிட்சுக்குள் ஒரு செம்புத் தகடு கருகியிருந்தால் இடது பின்கண்ணாடி நிற்கும். மெக்கானிக் இடது பின்கதவைப் பிரித்து உட்கார்ந்திருப்பார். பழுது வண்டியின் எதிர்மூலையில், வலது முன்கதவில் இருக்கும். அவர் டெஸ்ட் லேம்பின் கிளிப்பை வண்டியின் இரும்பில் மாட்டி, ஊசியை மோட்டார் வயரில் வைக்கிறார். விளக்கு எரிகிறது. "பாருங்க சார், கரண்ட் வருது." அவர் சோதித்தது வருகிற வழியை மட்டும். திரும்பும் வழிக்குப் பதிலாக வண்டியின் இரும்பையே கொடுத்துவிட்டு, அந்த வழி சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

டிஜிட்டல் மீட்டர் வைத்திருப்பவருக்கும் இதே ஏமாற்றம் வேறு வடிவில் நடக்கிறது. ரப்பர் உறைக்குள் மடங்கி மடங்கிச் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒரே ஒரு இழை மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மீட்டர் ஏறக்குறைய மின்சாரமே இழுக்காது என்பதால், அந்த ஒற்றை இழையில் வைத்தாலும் முழு 12 வோல்ட் காட்டும். மோட்டாரோ பல ஆம்பியர் கேட்கும் பொருள். அது இழுத்த நொடியில் வோல்ட் சரிந்துவிடும், கண்ணாடி அசையாது. மீட்டர் சொன்னது பொய்யில்லை; பளு இல்லாத வயரைக் கேட்டால் அது பளு இல்லாத பதிலைத்தான் தரும். இதற்கு மாற்று, பட்டறை மூலையில் கிடக்கும் பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு. மோட்டார் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைக்கும் நடுவே அந்த பல்பை மாட்டுங்கள். அது நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவிட்சை ஏற்றும் பக்கம் அழுத்தினாலும் இறக்கும் பக்கம் அழுத்தினாலும் பளிச்சென்று எரிந்தால் ஃபியூஸ், சுவிட்ச், வயர், எர்த் எல்லாம் சரி. அதற்குப் பிறகு மோட்டாரைச் சந்தேகியுங்கள். மங்கலாக எரிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் எரிந்தாலோ, மோட்டாரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. கதவைத் திறந்து மூடி அசைக்கும்போது பல்பு விட்டுவிட்டு எரிகிறதா? ரப்பர் உறையை உருவுங்கள். ஒவ்வொரு வயராக மெல்ல இழுத்தால், செம்பு அறுந்த இடத்தில் பிளாஸ்டிக் ரப்பர் பேண்டு மாதிரி நீளும். அங்கே ஒரு துண்டு வயர் சேர்த்து, பற்றவைத்து, சுற்றினால் வேலை முடிந்தது. ஆகும் செலவு ஒரு மோட்டார் விலையின் பக்கத்தில்கூட வராது.

சுவிட்ச் அவ்வளவு எளிதில் போகாது என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. வண்டி தயாரிப்பவர்களே வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள். 2010இல் ஹோண்டா, மெயின் சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கித் தீப்பிடிக்கலாம் என்று உலகெங்கும் 6,46,000 கார்களைத் திரும்ப அழைத்தது. இந்தியாவில் ஓடிய சிட்டி கார்களும் அதில் இருந்தன. டொயோட்டா 2012இல் 74 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளையும், 2015இல் ஏறத்தாழ 65 லட்சம் வண்டிகளையும் அழைத்தது. இரண்டு முறையும் காரணம் ஓட்டுநர் கதவின் மெயின் சுவிட்ச், அதற்குள் சரியாகப் பூசப்படாத கிரீஸ். சுவிட்ச் பிடித்துப் பிடித்து நகர்கிறதே என்று கடையில் கிடைக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள், உருகிப் புகையலாம் என்று 2012 அறிவிப்பிலேயே எச்சரிக்கை இருந்தது. மழையில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்து ஓட்டுகிற நம் ஊரில், அந்தச் சுவிட்சின் தலையில்தான் தண்ணீர் முதலில் சொட்டுகிறது.

கண்ணாடி மெதுவாக ஏறினால் "மோட்டார் வீக்" என்பார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் சேனல் ரப்பர்தான். கண்ணாடி ஓடும் அந்தப் பள்ளத்தில் வெல்வெட் போன்ற மென்மையான பூச்சு இருக்கும். புழுதி ஏறி, வெயிலில் ரப்பர் இறுகிப்போனால் அது உப்புத்தாள் மாதிரி கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் திணறிச் சூடாகும். அளவு மீறிச் சூடானால் தானே மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும் காப்பு பல மோட்டார்களுக்குள் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஆறியதும் மறுபடி ஓடும். இந்தத் தற்காப்பைப் பார்த்துத்தான் "சாகப் போகுது, இப்பவே மாத்திடுங்க" என்கிறார்கள். கண்ணாடியை, அதைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரிலிருந்து விடுவித்து இரண்டு கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கைக்கே கனத்தால் விடை கிடைத்துவிட்டது. சேனலைத் துடைத்து சிலிகான் ஸ்பிரே அடிக்க வேண்டும். இன்ஜின் ஆயிலோ கிரீஸோ போட்டால் ரப்பர் ஊறிப்போகும், புழுதி இன்னும் ஒட்டும். மேலே போன கண்ணாடி தானாகக் கீழே வருவதற்கும் இந்தப் பிடிப்பே காரணமாக இருக்கலாம். ஐரோப்பிய விதிப்படி, தானாக ஏறும் கண்ணாடி எதிலாவது மாட்டினால் 100 நியூட்டன் விசையைத் தாண்டும் முன்பே பின்வாங்க வேண்டும். இறுகிய ரப்பரையும் குழந்தையின் விரலையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. பேட்டரி மாற்றிய பிறகு, தானாக ஏறும் இந்த ஆட்டோ வசதி மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பல வண்டிகளில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில நொடி விடாமல் பிடித்தாலே போதும்.

"மாத்தினதும் ஓடுதே, அதுவே சாட்சி" என்ற கடைசி வாதம் பாக்கி. புது மோட்டார் போடும்போது என்னவெல்லாம் நடக்கிறது? பிளக் கழன்று மறுபடி மாட்டப்படுகிறது. களிம்பு பிடித்த முனை உரசிச் சுத்தமாகிறது. கதவு வயர் அசைந்து அறுந்த முனைகள் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணாடி சேனலில் நேராக உட்காருகிறது. இவற்றில் எது கண்ணாடியை ஓட வைத்தது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் அதே கண்ணாடி நின்றால் "டூப்ளிகேட் மோட்டார் சார்" என்று பழி மறுபடி மோட்டார் மேலேயே போகிறது.

சோதிக்க நேரம் ஏது, கூலி யார் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானதுதான். பழுது கண்டுபிடிப்பதற்கென்று தனியாகக் கூலி வாங்கட்டும். அதைக் கொடுக்க மறுக்கிற வாடிக்கையாளர்மீதும் பாதிக் குற்றம் இருக்கிறது. மோட்டார் உண்மையிலேயே போவதும் உண்டு. கார்பன் பிரஷ் தேய்ந்தால், சுவிட்சை அழுத்தியபடி டோர் பேடில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் உயிர் வந்து ஓடும். அது நல்ல அடையாளம். உர்ரென்று சத்தம் மட்டும் வந்து கண்ணாடி அசையவில்லை என்றால் ரெகுலேட்டரில் கேபிளோ பிளாஸ்டிக் கப்பியோ உடைந்திருக்கிறது; அங்கே மோட்டார் தான் நலம் என்று சத்தமாகவே சொல்கிறது. இரண்டு வயருக்கு மேல் போகும் புது வகை மோட்டாருக்கு ஸ்கேனர் வேண்டும், நேராக பேட்டரி கொடுக்கக் கூடாது. மற்ற எல்லாவற்றுக்கும், கண்ணாடிக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த இரண்டு வயரை மோட்டாருக்கு நேராகக் கொடுக்கலாம், பிறகு அதையே மாற்றிக் கொடுக்கலாம். இரண்டு பக்கமும் சுற்றினால் அந்த மோட்டார் கதவுக்குள்ளேயே இருக்கட்டும். சுற்றாவிட்டால் தாராளமாக மாற்றுங்கள். கழற்றிய மோட்டாரை வண்டிக்காரர் எதிரிலேயே இன்னொரு முறை பேட்டரியில் வைத்துக் காட்டிவிட்டு, பில்லில் எழுதுங்கள்.