299 ரூபாய் ரீசார்ஜும் 6 கோடி லாபமும்: யாருக்கு எவ்வளவு வரி?



பட்ஜெட் பத்தி நம்ம சேனல்ல எப்போ வீடியோ போட்டாலும், கீழே ஒரு கமெண்ட் தவறாம வந்துடும். "வரி கட்டுறது நாங்க, இலவசம் வாங்குறது வேற யாரோ." அதுக்கு லைக்கும் குவியும். மாசாமாசம் சம்பளத்துல டிடிஎஸ் பிடிக்கிறதைப் பார்த்து வர்ற எரிச்சல் அது. எனக்கும் அந்த எரிச்சல் இருந்திருக்கு. ஆனா அந்தக் கணக்கு தப்பு. அதை எனக்குப் புரிய வெச்சது ஒரு 299 ரூபாய் ரீசார்ஜ்.

எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணனுக்கு மாசம் 14,000 ரூபாய் சம்பளம். அவர் யூபிஐ வெச்சுக்கல. கையில காசைக் கொடுத்து, "தம்பி, நம்ம நம்பருக்கு ஒரு 299 போட்டு விடுங்க"ன்னு கேட்பார். ஒரு நாள் சும்மா அந்த பில்லைத் திறந்து பார்த்தேன். பேக்கோட விலை 253 ரூபாய் 39 பைசா. மீதி 45 ரூபாய் 61 பைசா, 18% ஜிஎஸ்டி.

அவரை விடப் பத்து மடங்கு சம்பாதிக்கிற ஒருத்தர் அதே பேக்கைப் போட்டாலும் வரி அதே 45 ரூபாய்தான். நூறு மடங்கு சம்பாதிச்சாலும் அதேதான்.

ரீசார்ஜ் மட்டும் இல்லை. வண்டிக்குப் போடுற பெட்ரோல்ல மத்திய அரசோட எக்சைஸ், மாநில அரசோட வாட் ரெண்டும் இருக்கு. சோப்பு, ஷாம்பூ, பிஸ்கட்டுக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டியை 18%-ல இருந்து 5%-ஆ குறைச்சாங்க. நல்ல விஷயம், பாராட்டணும். ஆனாலும் ஒரு அடிப்படை மாறல. 14,000 வாங்குறவர் 14,000-யும் செலவு பண்ணியே ஆகணும். கோடியில வாங்குறவர் ஒரு பகுதியைத்தான் செலவு பண்ணுவார், மீதியை முதலீடு பண்ணுவார். செலவு மேல போடுற வரி, வருமானத்தோட ஒப்பிட்டா, கீழே இருக்கிறவரைத்தான் அதிகமா அழுத்தும்.

அதனால "ஏழைங்க வரியே கட்டுறதில்லை"ன்னு இனிமே சொல்லாதீங்க. அவங்க வருமான வரி கட்டுறதில்லை, அவ்வளவுதான்.

சரி, மேலே என்ன நடக்குது?

2025-26 நிதியாண்டு, புது வரி முறை. ரெண்டு பேரை எடுத்துக்குவோம்.

முதல் ஆள் ஐடி கம்பெனியில வருஷம் 30 லட்சம் சம்பளம் வாங்குறார். ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 போக, செஸ்ஸோட சேர்த்து அவர் கட்ட வேண்டிய வரி 4,75,800 ரூபாய். அதாவது மொத்த சம்பளத்துல கிட்டத்தட்ட 15.9%.

ரெண்டாவது ஆள் வேலைக்குப் போகல. பல வருஷமா வெச்சிருந்த லிஸ்டட் ஷேர்களை வித்து 6 கோடி லாபம் பார்க்கிறார். நீண்ட கால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5%. அதுக்கு மேல வர்ற சர்சார்ஜ் 15%-ஐத் தாண்டக் கூடாதுன்னு சட்டமே வரம்பு போட்டிருக்கு. 4% செஸ்ஸையும் சேர்த்தா 14.95%. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது.

இன்னொரு தடவை பாருங்க. 30 லட்சத்தை உழைச்சு சம்பாதிச்சவருக்கு 15.9%. 6 கோடியை ஷேர் வித்து எடுத்தவருக்கு 15%-க்கும் கீழே. அதே 6 கோடி சம்பளமா வந்திருந்தா, 2 கோடிக்கு மேல் வருமானம்ங்கிறதால உச்ச விகிதம் 39% ஆகியிருக்கும்.

மேல இருந்து வரி வாங்கிக் கீழே இருக்கிற இடைவெளியைக் குறைக்கணும்னு பேசும்போது, எல்லாரும் ஸ்லாப் பத்தியே சண்டை போடுறோம். என்னோட கருத்து இதுதான்: பிரச்சனை ஸ்லாப்ல இல்லை. உழைப்பால வர்ற ரூபாயையும், சொத்தால வர்ற ரூபாயையும் நாம வேற வேற தராசுல நிறுக்கிறோம். பெரிய பணக்காரங்க யாரும் சம்பளத்தால பணக்காரங்க ஆகல. அவங்க கிட்ட இருக்கிறது ஷேர், நிலம், கம்பெனி. அதைத் தொடாத வரிக்கொள்கை ஏற்றத்தாழ்வைக் குறைக்கப் போறதில்லை.

"இதெல்லாம் பண்ணிப் பார்த்தாச்சே சார்!"

உண்மைதான். வாரிசுகளுக்குப் போற சொத்து மேல எஸ்டேட் டூட்டி 1953-ல வந்துச்சு, 1985-ல எடுத்துட்டாங்க. சொத்து வரி 1957-ல வந்துச்சு, 2015 பட்ஜெட்ல எடுத்துட்டாங்க. 2013-14-ல சொத்து வரியா வசூலானது நாடு முழுக்க 1,008 கோடி ரூபாய்தான். 1973-74-ல வருமான வரியோட உச்ச விகிதம் 97.75% வரைக்கும் போச்சு. ஏற்றத்தாழ்வு ஒழியல, கறுப்புப் பணம்தான் பெருகிச்சு.

ஆனா சொத்து வரி ஏன் தோத்துச்சுன்னு பாருங்க. கடைசி இருபது வருஷத்துல அது நகை, கார், காலி மனை, கூடுதல் வீடு மாதிரி சொத்துகளுக்கு மட்டும்தான். ஷேர், மியூச்சுவல் ஃபண்டு, பேங்க் டெபாசிட் எதுக்கும் கிடையாது. பெரும் பணம் எங்க இருக்கோ, அதை விட்டுட்டு மீதிக்கு வரி போட்டாங்க. ஓட்டைப் பானையில தண்ணி நிக்கலைன்னா தண்ணியைக் குத்தம் சொல்ல முடியுமா?

இன்னொன்னு, எஸ்டேட் டூட்டி போனப்போ ஷேர் எல்லாம் காகிதமா பீரோவுல இருந்துச்சு. இன்னைக்கு டீமேட்ல இருக்கு, பான் நம்பரோட இணைஞ்சிருக்கு. உங்க ஏஐஎஸ்ஸைத் திறந்து பாருங்க. சேவிங்ஸ் அக்கவுண்ட்ல வந்த சின்ன வட்டி கூட அதுல வந்து நிக்கும். உங்க வட்டியைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச சிஸ்டத்துக்கு, 6 கோடியைக் கண்டுபிடிக்கத் தெரியாதா?

அப்போ என்ன பண்ணலாம்?

ஒண்ணு, மூலதன ஆதாயத்துக்கும் ஸ்லாப் வேணும். இப்போ இருக்கிற 1.25 லட்சம் விலக்கை ஏத்தணும்னே சொல்வேன். எஸ்ஐபி போட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவரை விட்டுடுங்க. வருஷ லாபம் ஒரு கோடியைத் தாண்டினா, தாண்டுற பகுதிக்கு சம்பளத்துக்கு இருக்கிற மாதிரியே வரி போடுங்க. "கம்பெனி ஏற்கனவே வரி கட்டிடுச்சே, ரிஸ்க் எடுத்தது நாங்கதானே"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுக்காகக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். 39%-க்கும் 14.95%-க்கும் இருக்கிற இடைவெளி கொஞ்சம் இல்லையே!

ரெண்டு, பெரிய சொத்துக்கு மட்டும் வாரிசு வரி. பிரிட்டன்ல 40%, ஜப்பான்ல உச்சமா 55% வரைக்கும் இருக்கு. நமக்கு அவ்வளவு வேண்டாம். 10 கோடி வரைக்கும் விலக்கு, அதுக்கு மேல சின்ன விகிதம், கட்டப் பல வருஷத் தவணை. அப்பா கட்டின வீடும் அம்மாவோட நகையும் இதுல வரவே கூடாது. 2024 தேர்தல் நேரத்துல இந்தப் பேச்சு வந்தப்போ, "உங்க தாலியைப் பிடுங்கிடுவாங்க"ங்கிற அளவுக்குப் பயமுறுத்தினாங்க. விலக்கு எவ்வளவுன்னு தெளிவா சொல்லிட்டா அந்தப் பயம் நிக்காது.

மூணு, இதுல வர்ற கூடுதல் பணத்தை வெச்சு ரீசார்ஜ், பெட்ரோல் மாதிரி எல்லாரும் வாங்கியே ஆக வேண்டிய பொருள் மேல இருக்கிற வரியைக் குறைக்கணும். இது இல்லைன்னா முதல் ரெண்டும் வெறும் வசூல்தான்.

நானே எனக்கு எதிரா பேசுறேனா?

ஆமா, கொஞ்சம். போன மார்ச்ல 1.25 லட்சம் வரைக்கும் லாபத்தை புக் பண்ணி, ஒரு ரூபாய் வரி இல்லாம திரும்ப முதலீடு பண்ணேன். அதை எப்படிப் பண்றதுன்னு உங்களுக்கும் வீடியோ போட்டேன். சட்டம் கொடுக்கிற வழி, தப்பே இல்லை. நீங்களும் தாராளமா பண்ணுங்க.

ஆனா அன்னைக்குச் சாயங்காலமே வாட்ச்மேன் அண்ணன் 299 ரூபாயோட வந்தார். ஒண்ணேகால் லட்சம் லாபத்துக்கு நான் கட்டின வரி பூஜ்யம். பொண்ணோட போன்ல பேச அவர் கட்டினது 45 ரூபாய் 61 பைசா. அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது, பில் வந்தது என் போனுக்குத்தான்.

அடுத்த தடவை "வரி கட்டுறது நாங்க மட்டும்தான்"னு டைப் பண்றதுக்கு முன்னாடி, உங்க கடைசி ரீசார்ஜ் பில்லை ஒரு தடவை திறந்து பாருங்க. உங்க கோபம் நியாயம்தான். அது கீழே பார்க்க வேண்டாம், மேலே பார்க்கட்டும்.

வாரிசு வரிக்கு 10 கோடி விலக்கு சரியா, கம்மியா, அதிகமா? நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கீழே எழுதுங்க. அடுத்த வீடியோவுல அதை வெச்சே பேசலாம்.