சின்னப்பருக்கு மனைவி இல்லை

‘பேலன்ஸ்’ என்றொரு சொல் இப்போது எல்லார் வாயிலும் புழங்குகிறது. வேலை, குடும்பம், சாமி, உடற்பயிற்சி எல்லாவற்றையும் பேலன்ஸ் பண்ணுகிறேன் என்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கப் பேரேட்டோடு குடும்பம் நடத்தியவன் நான். பேரேட்டில் பேலன்ஸ் தானாக வராது. ஒருவர் பேரில் வரவு வைத்தால் இன்னொருவர் பேரில் பற்று எழுதியாக வேண்டும். அந்தப் பற்று யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதுதான் குமாஸ்தாவின் வேலை. டிரையத்லான் போட்டிக்குத் தயாராகும் நம் ஊர்க் குடும்பஸ்தர்களிடம் இன்று அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறேன். கோயில் வாசலில் நின்று அவர்களை ஏசுகிற என் வயதுக்காரர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீந்த வேண்டும், கரையேறியதும் சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கியதும் ஓட வேண்டும். இடையில் ஓய்வு கிடையாது. இதன் பெரிய வடிவம் அயர்ன்மேன்: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 1978இல் ஹவாயில் முதன்முதலாக நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் சேர்ந்து யோசித்து உண்டாக்கிய போட்டி அது. ‘மனைவியும் சேர்ந்து’ என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதன் பாதி அளவுப் போட்டி 2019 முதல் கோவாவில் நடக்கிறது. 1.9 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 90 கிலோமீட்டர் மிதித்து, 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். தொண்ணூறு கிலோமீட்டர் என்றால், இங்கிருந்து கடலூருக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் ஒரு தடவை போய்த் திரும்புகிற தூரம். போட்டி நடப்பது ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் பங்கில் வம்பாகிவிட்டது. கடற்கரைச் சாலையில் காலை ஏழரை மணி வரை வண்டிகளை விடுவதில்லை அல்லவா? விடிவதற்கு முன்பே அங்கே ஓடத் தொடங்குகிறார்கள். இன்னொரு கூட்டம் தலைக்கவசமும் கண்ணைப் பறிக்கும் சட்டையுமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் பறக்கிறது. ஆறு மணிப் பூசைக்குப் போகும் நம்மவர்கள் இதைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். ‘உடம்புக்குக் கோயில் கட்டுகிறார்கள், ஆண்டவர் கோயிலுக்கு வர மாட்டார்கள்’ என்று ஒரு பெரியவர் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

அந்தப் பெரியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஒலிம்பிக்கின் ‘இன்னும் வேகமாக, இன்னும் உயரமாக, இன்னும் வலுவாக’ என்ற முழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஏற்படுத்தியவர் ஒரு சாமியார். தொமினிக்கன் சபையைச் சேர்ந்த ஆன்ரி திதோன். குபெர்தேன் அதை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். இது பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நமக்கே மறந்துபோனால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசராக இருந்தபோதே பனிச்சறுக்கு ஆடப் போனவர். கோடைக்கால அரண்மனையில் நீச்சல்குளம் கட்டிக்கொண்டவர். உடம்பைப் பேணுவது அஞ்ஞானிகளின் வேலை என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை.

பூசைக் கடன் விஷயமும் அப்படித்தான். 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தின்படி சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலே ஞாயிற்றுக் கடன் தீர்ந்துவிடும். சைக்கிள்காரர்களில் பலர் சனிக்கிழமை மாலை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களை ஏசுகிறவர் சனிக்கிழமை கோயில் பக்கம் வராததால் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் காலத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் ஞாயிறு பூசை முடித்த கையோடு சாராயக் கடைக்குப் போனார்கள்? எத்தனை பேர் மத்தியானம் முழுக்கச் சீட்டாட்டத்திலும் பெத்தாங்க் குண்டு உருட்டுவதிலும் கழித்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வந்து சோறு கேட்டார்கள்? புதுச்சேரியில் இதற்கு எதிராக யாராவது பிரசங்கம் வைத்தார்களா? குடித்துக் கிடந்தவனைப் பற்றிப் பேசாத வாய், ஓடிப்போய் வியர்வையோடு வருகிறவனைப் பற்றிப் பேசுகிறது.

இதுவரை படித்த ஓட்டக்காரர்கள் கைதட்டியிருப்பார்கள். அவர்களுக்கானது இனிமேல்தான் வருகிறது.

அவர்களில் விசுவாசமுள்ளவர்கள் எல்லாருக்கும் ஒரு பாதுகாவலர் இருக்கிறார்: அர்ச். சின்னப்பர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், ஒன்பதாம் அதிகாரம். பந்தயத்தில் ஓடுகிறவர்களைப் பற்றியும், வாடிப்போகும் மாலைக்காக அவர்கள் எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறார்கள் என்பதைப் பற்றியும், தம் உடம்பைத் தாமே அடக்கிவைப்பது பற்றியும் அங்கே எழுதுகிறார். கொரிந்து நகரத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பெரிய விளையாட்டு விழா நடந்து வந்ததால் அந்த ஊர்க்காரர்களுக்கு உவமை சட்டென்று புரிந்திருக்கும். இதை அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நல்லது. இரண்டு அதிகாரம் முன்னால் புரட்டுங்கள். ஏழாம் அதிகாரத்தில் அதே சின்னப்பர் கல்யாணத்தைப் பற்றி எழுதுகிறார். தாம் இருப்பதுபோலவே, அதாவது மனைவி இல்லாமலே, எல்லாரும் இருந்தால் நல்லது என்கிறார். கல்யாணமானவன் மனைவிக்கு எப்படிப் பிரியமாக நடப்பது என்ற கவலையில் இருப்பவன், அவன் மனசு இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்றும் சொல்கிறார். ஒன்பதாம் அதிகாரத்து ஓட்டக்காரர் ஏழாம் அதிகாரத்துப் பிரமசாரி. அவர் உடம்பை எத்தனை மணிக்கு எழுப்பி எவ்வளவு அடித்து அடக்கினாலும் பக்கத்தில் ஒருத்தியின் தூக்கம் கெடாது. அவர் ஓடப் போனால் பால் பொங்கி வழியாது. ஆறாம் வகுப்புப் பையனின் சயின்ஸ் ரெக்கார்டு காத்துக்கிடக்காது. சின்னப்பரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற குடும்பஸ்தன் இரண்டு அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்கட்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். என் மாப்பிள்ளை கோவாப் போட்டிக்குத் தயாராகிறவர். நல்ல மனிதர், குடி கிடையாது, சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுக்கிற தலைமுறை இல்லை என்றாலும் வீட்டுச் செலவில் குறை வைத்ததில்லை. அவர் பயிற்சி அட்டவணை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. செவ்வாய், வியாழன் ஓட்டம் ஒவ்வொரு மணி நேரம். புதன், வெள்ளி நீச்சல் ஒவ்வொரு மணி நேரம். சனிக்கிழமை சைக்கிள் நான்கு மணி நேரம். ஞாயிறு நீண்ட ஓட்டம் இரண்டு மணி நேரம். ஆக வாரத்துக்குப் பத்து மணி நேரம். ‘வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது மாமா, அதில் பத்துதானே’ என்று என்னிடம் சொன்னார்.

பத்து என்பது அட்டவணையில் உள்ளது. போக, வர, டயருக்குக் காற்றடிக்க, குளிக்க என்று ஒவ்வொரு தடவைக்கும் அரை மணி சேருங்கள். ஆறு தடவைக்கு மூன்று மணி. சனி, ஞாயிறு மத்தியானம் அடித்துப் போட்டதுபோலத் தூக்கம், நாளுக்கு இரண்டு மணி. பத்து பதினேழாகிவிட்டது. காலை நாலரைக்கு எழ வேண்டியவர் இரவு ஒன்பதுக்குப் படுத்தாக வேண்டும். பிள்ளைகள் பாடம் படிப்பதும் சண்டை போடுவதும் அந்த நேரத்தில்தான். அந்தப் பதினேழு மணி நேரமும், ஒன்பது மணிக்குப் பிறகான வீடும் என் மகள் பேரில் பற்று எழுதப்பட்டிருக்கிறது. அவளும் வேலைக்குப் போகிறவள்தான். அவளுடைய அட்டவணை எந்தக் கதவிலும் ஒட்டப்படவில்லை.

‘அவளே சரி என்றுதான் சொன்னாள்’ என்பது எல்லா ஓட்டக்காரரும் வைக்கிற அடுத்த வாதம். நம் வீட்டுப் பெண்கள் சொல்லும் ‘சரி’க்கு எத்தனை அர்த்தம் என்று எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பயிற்சி செய்யும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள்: ஆறு மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாரும் பேலன்ஸ் பற்றிப் பேசுவதில்லை.

ஞாயிறும் விளையாட்டும் என்றாலே எரிக் லிடெல் கதையை எடுப்பார்கள். ஸ்காட்லாந்து ஓட்டக்காரர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மாட்டேன் என்றவர். 400 மீட்டருக்குத் தயாராகி, 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். சினிமாவாகவும் வந்தது. நம் பிரசங்கிகள் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சக் கதைதான் எனக்குப் பிடித்தது. அவர் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். யுத்தத்தில் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்துவைத்தார்கள். அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முதலில் அவர் ஒப்பவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடி அடித்துக்கொண்டதும், அடுத்த ஞாயிறு விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். 1945இல் அந்த முகாமிலேயே செத்துப்போனார். தங்க மெடலுக்காக விட்டுக்கொடுக்காத ஞாயிற்றை அடுத்தவர் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். மாப்பிள்ளைக்கு இதைச் சொன்னேன். ‘நல்ல கதை மாமா’ என்றார்.

டாக்டர்கள் ஓடச் சொல்கிறார்களே, சர்க்கரை, இரத்த அழுத்தம் குறைகிறதே என்று கேட்பீர்கள். எந்த டாக்டரும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கச் சீட்டு எழுதிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. தினம் முக்கால் மணி நேரம் நடந்தால் போதும் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அதற்கு மேல் செய்வது ஆசைக்காக. ஆசை பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆசையை மருந்துச் செலவில் எழுதாதீர்கள் என்கிறேன். நீண்ட தூர சைக்கிள் சவாரிக்கு ‘ப்ரெவே’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டுமாம். நம் காலத்தில் ப்ரெவே என்பது பரீட்சை. பாஸ் பண்ணினால் வேலை கிடைத்தது, வீடே சாப்பிட்டது. இந்த ப்ரெவேயில் கழுத்தில் ஒரு மெடல் தொங்குகிறது.

இத்தனைக்கும் மாப்பிள்ளையை நான் ஓடாதே என்று சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு போட்டி போதும் என்றேன். எத்தனை மணி நேரம் வெளியே போகிறாரோ அதில் பாதியாவது என் மகள் அடுப்படியும் பிள்ளைகளும் இல்லாமல் தன் இஷ்டப்படி இருக்க வேண்டும், அவள் பேரும் அந்த அட்டவணையில் ஏற வேண்டும் என்றேன். அவள் தூங்கினாலும் சரி, தங்கை வீட்டுக்குப் போனாலும் சரி. நீண்ட ஓட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு, ஞாயிறு காலை நான்கு பேரும் ஒன்றாகக் கோயிலுக்கு நடந்து போக வேண்டும் என்றேன். கடன் சனிக்கிழமையே தீர்ந்துவிட்டது என்று சட்டம் பேசினார். திருச்சபைக்குத் தீர்ந்திருக்கலாம்.

எட்டு மாதமாக ஞாயிறுதோறும் பேரப்பிள்ளைகளை எட்டு மணிப் பூசைக்கும் அது முடிந்து ஞானோபதேச வகுப்புக்கும் கூட்டிப்போகிறவன் நான். வருகிற ஞாயிறு முதல் கூட்டிப்போக முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மகள் ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளை பிரிட்ஜ் பக்கம் போய் அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.