குரங்கு கொண்டுபோன சாவி

ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் வாடகைக்கு இருக்கிறேன். இந்த ஏரியாவில் ஜன்னலைத் திறந்து வைப்பவன் ஒன்று வெள்ளைக்காரன், இல்லை, புதுசாகக் குடிவந்தவன். நான் இரண்டாவது ரகம்.

போன மாதம் ஒரு குரங்கு உள்ளே வந்தது. மேஜை மேலிருந்த வாழைப்பழத்தைச் சீந்தவில்லை. கம்ப்யூட்டரில் செருகியிருந்த கட்டைவிரல் நீளச் சமாசாரத்தைப் பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது. அதன் பெயர் டாங்கிள். காசு கொடுத்து வாங்கிய கணக்கு சாஃப்ட்வேருக்கு அதுதான் சாவி. அது இல்லாவிட்டால் புரோகிராம் வாயே திறக்காது.

விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"டாங்கிள் தொலைஞ்சா மறுபடி முழுசா காசு கட்டி வாங்கணும் சார்."

"தொலைக்கலைங்க. குரங்கு தூக்கிட்டுப் போச்சு."

"எங்க ரூல்ஸ்ல குரங்குக்குத் தனியா ஒண்ணும் இல்ல சார்."

பக்கத்து ரூம் தம்பி அதே சாஃப்ட்வேரை ஓசியில் ஏற்றி வைத்திருக்கிறான். பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. "எதுக்குண்ணே காசு குடுத்து வாங்குனீங்க?" என்றான், நிஜமான அனுதாபத்தோடு. பி.காம். படித்த எனக்கு இந்தப் பற்று வரவு புரியவில்லை.

இந்த விஷயத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு விற்றவர்கள் நமக்கெல்லாம் அண்ணன்கள். 1985-ல் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு 'எலைட்' என்ற விண்வெளி ஆட்டம் வந்தபோது, பெட்டிக்குள் 'லென்ஸ்லாக்' என்று ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் வைத்தார்கள். திரையில் எழுத்துகள் துண்டு துண்டாகச் சிதறித் தெரியும். லென்ஸ் வழியாகப் பார்த்து, படித்து, டைப் அடித்தால்தான் ஆட்டம். வீட்டு டிவி ரொம்பப் பெரிசாகவோ சிறிசாகவோ இருந்தால் போச்சு. இதில் சில பெட்டிகளில் வேறு ஆட்டத்தின் லென்ஸைப் போட்டு வேறு அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளையையே மண்டபத்து வாசலில் நிறுத்தின கதை!

அப்புறம் அமிகா கம்ப்யூட்டரில் 'ரோபோகாப் 3'. ஜாய்ஸ்டிக் செருகும் இடத்தில் மாட்ட ஒரு டாங்கிள். அதையும் சீக்கிரமே உடைத்துவிட்டார்கள். இப்படி உடைக்கிறவன் சாவி செய்வதில்லை, 'சாவி இருக்கா?' என்று புரோகிராம் கேட்கிற இடத்தையே தூக்கிவிடுகிறான்.

எனக்குப் பிடித்த கதை நின்டெண்டோ. 1985-ல் அமெரிக்காவில் விற்ற மெஷினில் ஒரு சிப், கேசட்டுக்குள் ஒரு சிப். இரண்டும் பேசிக்கொண்டால்தான் ஆட்டம். செருகும் இடம் தளர்ந்தோ அழுக்கேறியோ பேச்சு அறுந்தால், விநாடிக்கு ஒரு தரம் மெஷின் அணைந்து எரியும். ஒரிஜினல் வாங்கிய பையன்கள் கேசட்டை ஊதி ஊதி மூச்சு வாங்கினார்கள். கடைசியில் 1993-ல் வந்த மாடலில் கம்பெனியே அந்த சிப்பை எடுத்துவிட்டது. ஜப்பானில் விற்ற ஃபேமிகாமில் அந்தப் பூட்டே கிடையாது. அதன் நகல்கள்தான் நம் ஊருக்கு டிவி கேமாக வந்தன, '9999 இன் 1' கேசட்டோடு. (எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டம்தான், திரும்பத் திரும்ப.) அங்கே சிவப்பு விளக்கு கண்ணடித்தது; இங்கே நாங்கள் ஓசி மரியோவில் காசு பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

புரோகிராம் எழுதுகிறவனுக்கும் வயிறு உண்டு. தம்பி செய்வது தப்புதான், அவனிடமே சொல்லிவிட்டேன். ஆனால் பூட்டின் பாரம் முழுக்க என் தலையில் அல்லவா இருக்கிறது? டாங்கிள் விலையும் நான் கொடுத்ததில் அடக்கம். நாளைக்கே கம்பெனியை மூடினால் சாவிக்கு எங்கே போவேன்? பழைய டாங்கிள்கள் பிரிண்டர் போர்ட்டில் மாட்டுகிற ரகம். இன்றைய லேப்டாப்பில் அந்த ஓட்டையே இல்லை.

வேறு வழியில்லாமல் புது டாங்கிளுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். ஜன்னலுக்குக் கம்பிவலையும் அடித்தாயிற்று. அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பார்க்கலாமென்றால், கணக்கு சாஃப்ட்வேர் இன்னும் சாவி கேட்கிறது.